நினைவில்லமும் லயத்து வீடும்

உரிமைக்காகப் போராடிக் கொலையுண்டோரின் நினைவைப் போற்றுதற்குப் பல வழிகள் உண்டு. சிலை எடுத்தல், தெருவுக்குப் பெயரிடுதல், ஆண்டுக்கொரு முறை மலர் தூவுதல் ஆகியவை நமக்குப் பழக்கமானவை. மறைந்தவர் வாழ்ந்த வீட்டை வாழ்ந்த நிலையிலேயே காத்து, வருவோர் உள்ளே சென்று காணச் செய்தல் மற்றொரு வழி. இது தமிழர்க்கு அத்துணைப் பழக்கமானதன்று. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்ட மரபு நம்முடையது. அதற்குரிய கல்லைக் காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துப் பெயரிட்டிருக்கிறது. அந்தக் கல் பெரும்பாலும் ஊர்ப்புறத்தில், வழிப்போக்கர் காணும் இடத்தில் நின்றது. வீரன் உண்டு உறங்கிய வீட்டை யாரும் கருதவில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படிக்கும்போது, வீழ்ந்தவன் பெயர், எதன் பொருட்டு வீழ்ந்தான் என்ற செய்தி, அன்றைய அரசன் பெயர் ஆகியவற்றை அறிகிறோம். அவனுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, அன்றிரவு அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கல் சொல்வதில்லை.

வீடு அதைச் சொல்லும். எவ்வளவு சொல்லும், எதைச் சொல்லாமல் விடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத் தலைநகராகிய ஜாக்சனில் உள்ள மெட்கர் எவர்ஸ் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். ஜெலாப்பாங்கில் உட்கார்ந்துகொண்டு ஜாக்சன் வீட்டை ஆராய்வானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பேராக்கில் நம்மவர்க்கு அப்படியொரு வீடு ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை காண, இருக்கிற வீடு ஒன்றை முதலில் நன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

மெட்கர் எவர்ஸ் 1925 இல் மிசிசிப்பியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சு நாட்டுக் களத்தில் பணியாற்றித் திரும்பியவர். நாட்டுக்காகப் போரிட்ட அவருக்குத் தம் ஊரில் வாக்களிக்கும் உரிமை இல்லை. 1954 இல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில விண்ணப்பித்தார்; கறுப்பினத்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மிசிசிப்பிக் களச் செயலாளராக அமர்ந்தார். வெள்ளையர் நிறுத்தும் வரிசையில் நிற்க மறுத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டுவது, அடித்துக் கொல்லப்பட்டவர்களுக்காகச் சாட்சிகளைத் தேடுவது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் துணிவூட்டுவது ஆகியவை அவர் வேலை. 1955 இல் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது சாட்சிகளைத் தேடி வயல்வெளிகளில் அலைந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அவர் வாழ்ந்த வீட்டுக்கு வருவோம். அது மாளிகையன்று; ஒரு தளமுடைய சிறிய வீடு. கறுப்பினத் தொழில் முனைவோரே மனை பிரித்துக் கட்டிய குடியிருப்பில், 1956 இல், போர்வீரர்க்குரிய அரசாங்கக் கடன் வசதியைக் கொண்டு எவர்ஸ் தம்பதியர் அதை வாங்கினர். தெருமுனை வீட்டை விடுத்துத் தெரு நடுவில் உள்ள மனையைத் தேர்ந்தனர். முனை வீடு இரு பக்கமும் திறந்து கிடக்கும்; நடு வீட்டுக்கு இரு பக்கமும் அண்டை வீடுகள் காவல். அத்தெருவின் மற்ற வீடுகளுக்கு முன்வாசல் உண்டு, இதற்கு இல்லை. கார் நிறுத்தும் கொட்டகையின் பக்கமாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். தெருவை நோக்கிக் கதவைத் திறந்து நிற்பவன் இலக்காகிவிடுவான் என்பதே காரணம். பிள்ளைகள் அறையின் சன்னல்கள் உயரத்தில் அமைந்திருக்கின்றன. படுக்கைகளோ தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கின்றன. வெளியிலிருந்து சுட்டால் குண்டு உறங்கும் பிள்ளையின் மேலே போகட்டும் என்று ஒரு தாயும் தந்தையும் அளந்து பார்த்துச் செய்த ஏற்பாடு இது.

வீட்டைப் பார்க்க வருவோர் பலர் குண்டு துளைத்த இடத்தைத் தேடுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் என் எண்ணத்தில் அவ்வீட்டின் ஆற்றல் மிக்க பகுதி அந்தச் சன்னல்களின் உயரமேயாகும். குண்டின் துளை ஒரு கணத்தின் அடையாளம். சன்னலின் உயரம் ஏழாண்டுகளின் அடையாளம். அச்சத்தை அவர்கள் ஒருநாள் உற்ற நிகழ்ச்சியாக அல்லாமல், சுவரும் கூரையும் போல அன்றாடம் உடனிருக்கும் பொருளாகவே கொண்டு வாழ்ந்தனர் என்பதை எந்தச் சொற்பொழிவாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. துப்பாக்கி ஓசை கேட்டால் தரையில் விழுந்து ஊர்ந்து குளியலறைத் தொட்டிக்குள் பதுங்க வேண்டுமென்று பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்திருந்தார்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதில்லையா, அதுபோல.

1963 சூன் 11 ஆம் நாள் இரவு அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, கறுப்பின மக்களின் உரிமை பற்றி நாட்டு மக்களிடம் பேசினார். தந்தை வந்ததும் அதைப்பற்றிப் பேசலாமென்று எவர்ஸின் மனைவி மர்லி பிள்ளைகளை உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்தார். நள்ளிரவு கடந்து கார் வந்து நின்றது. கூட்டத்தில் விற்று எஞ்சிய சட்டைகளைக் கையில் அள்ளிக்கொண்டு எவர்ஸ் இறங்கினார். நிற ஒதுக்கல் ஒழிய வேண்டுமென்ற முழக்கம் அச்சட்டைகளில் பொறிக்கப்பட்டிருந்தது. எதிர்ப்புறத்துப் புதரிலிருந்து வந்த ஒரே குண்டு அவர் முதுகில் பாய்ந்து மார்பைத் துளைத்து, வீட்டுச் சன்னலை உடைத்து, சுவரை ஊடுருவி, சமையலறைக் குளிர்ப்பெட்டியில் மோதி ஓய்ந்தது. காரிலிருந்து வாசற்படி வரை அவர் ஊர்ந்து சென்றார். பிள்ளைகள் பயிற்சிப்படி தரையில் விழுந்தனர். பின்பு எழுந்து தந்தையிடம் ஓடினர்.

சுட்டவன் பைரன் டி லா பெக்வித். 1964 இல் இருமுறை வழக்கு நடந்தது. முழுவதும் வெள்ளையரே அமர்ந்த நடுவர் குழு இருமுறையும் முடிவுக்கு வரவில்லை. முப்பதாண்டுகள் அவன் இக்கொலைக்குத் தண்டனை பெறாமலிருந்தான். 1994 பிப்ரவரியில்தான் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்புக்கு ஓராண்டு முன்பு, 1993 இல், மர்லி அவ்வீட்டை டூகலூ கல்லூரியிடம் ஒப்படைத்தார். 2019 இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழி அது தேசிய நினைவுச்சின்னமாக ஏற்கப்பட்டு, 2020 இறுதியில் தேசியப் பூங்காப் பணியகத்தின் பொறுப்பில் வந்தது. அந்தத் தெருவுக்கு இப்போது மார்கரெட் வாக்கர் அலெக்சாண்டர் என்னும் பெண் கவிஞரின் பெயர். அவரும் அத்தெருவில் வாழ்ந்தவரே.

இனிக் குறைகளையும் கூற வேண்டும். முதலாவது, வீடு நள்ளிரவில் நின்றுபோன கடிகாரம் போல ஆகிவிடும் அபாயம். எவர்ஸின் உண்மையான பணிக்களம் வீடன்று. அது மிசிசிப்பியின் நெடுஞ்சாலைகளிலும், பருத்திக் காட்டுக் குடிசைகளிலும், லிஞ்சுத் தெரு அலுவலகத்திலும் கிடந்தது. வீட்டைமட்டும் பார்த்துத் திரும்புபவன் ஒரு நல்ல தகப்பனைக் கொன்றுவிட்டார்கள் என்று இரங்குவான். கொன்றவர்கள் அவர் நல்ல தகப்பன் என்பதற்காகக் கொல்லவில்லை. இரண்டாவது, இடையில் குடும்பம் 1964 இல் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. 1996 இல் இக்கொலை வழக்கைப் பற்றிய திரைப்படம் ஒன்று இதே வீட்டில் எடுக்கப்பட்டது. ஆகவே அங்குள்ள தட்டுமுட்டுப் பொருள்கள் யாவும் அவர்கள் கைபட்டவையே என்று எண்ணிக் கண்ணீர் விடுவதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சுவர் உண்மை, சன்னல் உண்மை, மற்றவை மீட்டமைத்தவை.

ஒரு குறையை மட்டும் அவர்கள் நன்கு திருத்தியிருக்கிறார்கள். கொலையுண்ட ஆடவனின் புகழில் மனைவி கறுப்புடைக் கைம்பெண்ணாக ஓரத்தில் நிற்பதே எங்கும் வழக்கம். நினைவுச்சின்னத்தின் பெயரோ மெட்கர், மர்லி இருவர் பெயரையும் தாங்கியது. அது முறையே. கொலைக்கு இரண்டு வாரம் முன்பு, 1963 மே மாதம், அவ்வீட்டின் கார்க் கொட்டகையில் எரிகுண்டு வீசப்பட்டது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயை இழுத்து வந்து நெருப்பை அணைத்தவர் மர்லி. முப்பதாண்டுகள் விடாது வழக்கைத் தொடர வைத்தவரும் அவர். 1995 முதல் 1998 வரை தம் கணவர் பணியாற்றிய அதே சங்கத்துக்குத் தலைவராயிருந்தவரும் அவர். மனையிலிருந்து பிறந்தது மனைவி என்னும் சொல். நடுகல்லில் இடம்பெறாத அவள், வீட்டைக் காக்கும்போது தானாகவே உள்ளே வந்துவிடுகிறாள். வீட்டு நினைவுச்சின்னத்தின் சிறப்புகளில் இதையே நான் முதன்மையாகக் கருதுவேன்.

ஒப்புநோக்குக்கு நம் அனைவர்க்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். புது தில்லியில் பிர்லா மாளிகை இருக்கிறது. காந்தியடிகள் 1947 செப்டம்பர் 9 முதல் 1948 சனவரி 30 வரை, தம் கடைசி 144 நாள்களை அங்கே கழித்தார். இந்திய அரசு அதை 1971 இல் பெற்று, 1973 ஆகஸ்டு 15 இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை அவர் நடந்த கடைசி அடிகளைச் சிமெண்டில் வடித்துப் பதித்திருக்கிறார்கள். பார்ப்பவர் மனம் உருகுகிறது என்பது மெய்தான். ஆனால் அது சிற்பி செய்த உருக்கம். ஜாக்சனின் சன்னலை எந்தச் சிற்பியும் செய்யவில்லை. ஒரு தகப்பன் கொத்தனாரிடம் சொல்லிச் செய்வித்தது. மேலும், பிர்லா மாளிகை காந்தியடிகளின் வீடன்று. ஒரு செல்வரின் வீடு. அவர் அங்கே விருந்தினர். அவர் உடுத்திய குருதி தோய்ந்த துணியைக் காண விரும்புவோர், தில்லிக்குப் போவதைவிட மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போவது நமக்கு அண்மை. 1959 இல் திறக்கப்பட்ட அதுவும் ராணி மங்கம்மாளின் அரண்மனையே. எளிமையையே வாழ்வாகக் கொண்ட ஒருவரின் நினைவு இப்படி மாளிகையிலும் அரண்மனையிலும் குடியேறியிருப்பது சிந்தனைக்குரியது. பேராக்கில் அவர் நினைவு வேறு வடிவம் பெற்றது. சுங்கை சிப்புட்டில் 1954 இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலை, பிள்ளைகள் நாள்தோறும் போய்வரும் தமிழ்ப்பள்ளி.

நிற்க. வீடு காக்கப்பட வேண்டுமானால் முதலில் வீடு இருக்க வேண்டும். அதுவும் தனக்கென்று இருக்க வேண்டும். எவர்ஸுக்கு இருந்தது. கடனில் வாங்கியதாயினும் அவர் பெயரில் இருந்தது. அதனால்தான் முன்வாசலை எடுத்துவிடு என்று சொல்லவும், சன்னலை உயர்த்து என்று சொல்லவும் அவரால் முடிந்தது. அதனால்தான் அவர் மனைவி முப்பதாண்டுகளுக்குப் பின் அதை ஒரு கல்லூரிக்கு நன்கொடையாக அளிக்கவும் முடிந்தது. தனக்கு உரிமையில்லாததை யாரும் தானம் செய்ய முடியாது.

இங்கே நம் நாட்டுக் கதையை நினைப்போம். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, இளமையிலேயே கடல் கடந்து வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் எஸ். ஏ. கணபதி. 1948 சூன் மாதம் சுங்கை சிப்புட்டுத் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதற்குச் சில நாள் முன்பே சம்மேளனம் சட்டவிரோதமாக்கப்பட்டிருந்தது. 1949 மார்ச்சு 1 ஆம் நாள் ரவாங்கில் வாட்டர்பால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் கைத்துப்பாக்கியும் குண்டுகளும் வைத்திருந்தார் என்பதே. எவரையும் கொன்றார் என்பதன்று. அவசரகால விதியின்படி அதற்கும் தூக்கு. இந்திய அரசு தலையிட்டும் பயன் விளையவில்லை. 1949 மே 4 ஆம் நாள் புடுச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் அவர் தோழர் பி. வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதே ஆண்டு தூக்குத் தண்டனை பெற்ற மற்றொரு தொழிற்சங்கத்தவராகிய சாம்பசிவம், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு சென்றதால் 1950 இல் விடுதலையானார். சட்டம் பயில்வோர் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு அது.

இவர்களை எவர்ஸோடு ஒப்பிடலாமா என்று ஒரு சாரார் வினவுவர். கணபதி சார்ந்த இயக்கத்துக்கும் பொதுவுடைமைக் கட்சிக்கும் இருந்த தொடர்பு மறைக்கத் தக்கதன்று. மறைக்க வேண்டியதும் அன்று. வேற்றுமை இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். எவர்ஸும் தம் வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தவரே. அது அவர் நாட்டில் குடிமகனின் உரிமை. இங்கே அது கயிறு. ஒருவரை உரிமைப் போராளி என்றும் மற்றவரைப் பயங்கரவாதி என்றும் பிரிக்கும் கோடு, அவரவர் செய்கையால் மட்டுமன்றி, அவரவர் மேல் பாய்ந்த சட்டத்தாலும் வரையப்பட்டது.

அவர்கள் கேட்டவையும் வேறல்ல. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்; பின் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் படையினரின் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடுதல் இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பதும் இருந்தது. ஜாக்சனில் எவர்ஸும் தோழரும் 1962-63 இல் கடைகளைப் புறக்கணித்தபோது, கறுப்பினப் பெண்களை வெள்ளைக் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'திருமதி' என்று மரியாதையாக விளிக்க வேண்டும் என்று கேட்டார்கள். சைக்கிளும் திருமதியும் ஒரே பட்டியலைச் சேர்ந்தவை.

கிள்ளான் கோரிக்கைகளுள் மற்றொன்றுதான் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. உற்றார் உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். தன் அக்காள் மகன் தன் வீட்டுக்கு வருவதற்கு மற்றொருவனிடம் அனுமதி கேட்க வேண்டிய இடத்தை வீடு என்று எப்படிச் சொல்வது? லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். தொழிற்சங்கத்தில் சேர்ந்து வேலைநீக்கம் பெற்றவன் அன்றைக்கே சட்டி பானையோடு தெருவில் நின்றான். அதனால் போராட்டத் தலைவனின் குடும்பத்துக்கு முகவரியே இல்லாமற் போயிற்று. வரிசையாக நீளும் ஒரே கூரை. அறைக்கு அறை பலகைத் தடுப்பு. பல இடங்களில் அத்தடுப்பு கூரை வரை எட்டாது. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. விடியுமுன் பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டிய வாழ்வு. அங்கே யாருக்கும் சன்னலை உயர்த்தும் அதிகாரமில்லை. கணபதியின் வீடு எங்கே என்று தேடிப் புறப்படுபவன் சங்க அலுவலகங்களையும் தோழர் வீடுகளையும் கடைசியில் புடுச் சிறையையும்தான் வந்தடைவான். அந்தச் சிறையும் 2010 முதல் இடிக்கப்பட்டு, வாயில் வளைவு மட்டும் எஞ்ச, பெரும் வணிக வளாகமாகிவிட்டது.

நம் ஜெலாப்பாங்கே இதற்கு நல்ல சான்று. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியால் பெயர் பெற்றிருந்த இவ்வூரில், பிரிக்ஸ் திட்டப்படி அமைந்த புதுக்கிராமம் ஒன்று உண்டு. 1950 முதல் காட்டோரம் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரைப் பெயர்த்து முள்வேலிக்குள் அடைத்த திட்டம் அது. அவர்களில் பெரும்பாலோர் சீனர். அதே ஆண்டுகளில் தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் குவித்து வேலி போட்டார்கள். இரு சாராரும் ஊரடங்கைக் கண்டவர்; இரு சாராரும் அரிசியை அளந்து வாங்கியவர். ஆயினும் முடிவு வேறுபட்டது. புதுக்கிராமத்தார்க்கு நாளடைவில் மனைக்குக் குத்தகைப் பட்டா கிடைத்தது. தகரக் கூரை ஓடாயிற்று, ஓடு மாடியாயிற்று, ஊர் நின்றது. அதன் பெயர் இன்றும் நிலப்படத்தில் இருக்கிறது. வேலியிட்ட லயங்கள் தோட்டத்தோடு பிறந்து தோட்டத்தோடு மறைந்தன. 1950, 60 களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பின்னர் செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்பு வந்தது. துன்பத்தின் அளவு வேறாக இருந்ததால் நினைவு வேறாகவில்லை. மண்ணின் பட்டா வேறாக இருந்ததே காரணம்.

இதை உணர்ந்தவர்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க முனைந்தார். 1961 இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அம்முயற்சியைப் பற்றிப் பலவாறு கருத்துக் கூறுவர். அதன் அடிப்படை எண்ணம் மட்டும் சரியானது: பால்மரம் சீவுகிறவனுக்கு அந்த மண்ணில் ஒரு பங்கு வேண்டும்.

இனி, வீடு இல்லாதார்க்கு எவ்வகை நினைவில்லம் அமைக்கலாம்? இரு வழிகளைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, மணிமண்டப வழி. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 இல் தூக்கிலிட்ட கும்பினியார், அவன் கோட்டையையும் பின்னர் தரைமட்டமாக்கினர். 1974 இல் தமிழ்நாடு அரசு பாஞ்சாலங்குறிச்சியில் புதியதொரு நினைவுக் கோட்டையை எழுப்பியது. கூட்டம் வருகிறது, பள்ளிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் புதுச் சுவரிடம் கேட்டறிய ஏதுமில்லை. பக்கத்தில் தோண்டியெடுத்த பழைய அடித்தளத்திடம் கேட்டறிய நிறைய உண்டு. மற்றது, தலைவருக்கென்று ஒரு வீட்டைக் கற்பித்துக்கொள்ளும் வழி. கணபதி ஒருநாள் தங்கினார் என்ற வாய்மொழியை நம்பி ஒரு வீட்டில் பலகை மாட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

மூன்றாவது வழியை நம் இனத்தாரே காட்டியிருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி காவல்துறையின் குண்டுக்குப் பலியானார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவர் பெயரோடு பேசப்படுகிறது. அவருக்கும் வீடு இல்லை; லயம்தான். அந்த மலையகத்தில், கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில், 2007 இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்தது. அது அமைந்த கட்டடமே பழைய லயம். தலைவர் எவருடைய பெயருமில்லாத அறைகள்; அவற்றுள் கொழுந்துக் கூடை, அம்மி, விளக்கு முதலான புழங்கு பொருள்கள். ஒருவனுக்கு உரிமையில்லாத வீடு எல்லார்க்கும் உரிய நினைவில்லமாகும் வகையை அங்கே காணலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதை அங்கே நின்று பார்ப்பவனுக்கு, அவர்கள் ஏன் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஜாக்சனின் சன்னல் செய்யும் வேலையை இங்கே அறையின் அளவு செய்கிறது.

பேராக்கில் இதைச் செய்யக் காலம் மிகக் குறைவு. ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், செம்மோர் பக்கங்களிலும் இன்னும் நிற்கும் லயங்களுள் பழுதுபடாத ஒரு வரிசையைத் தேர்ந்து, தோட்ட நிருவாகத்திடம் கேட்டுப் பெற்று, கூரையைச் செப்பனிட்டால் போதும். சாயம் பூச வேண்டாம். சிலை வேண்டாம். ஓர் அறையில் 1941 கோரிக்கைகளைத் தமிழிலும் மலாயிலும் எழுதி வைக்கலாம். இன்னோர் அறையில் கணபதி, வீரசேனன், சாம்பசிவம் ஆகியோரின் வழக்குகளை, சார்பின்றி, நாள் குறித்து வைக்கலாம். எஞ்சிய அறைகளை அடுப்பும் பாயும் வாளியுமாக இருந்தபடியே விடுவது நன்று.

லயம் கிடைக்காவிடினும் அளவையாவது எடுத்துவிட வேண்டும். இடிக்க ஆள் வருமுன் ஒரு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாகச் சென்று, அறையின் நீள அகலம், தடுப்பின் உயரம், குழாய்க்கும் கடைசி வீட்டுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைக் குறிக்கலாம். அடுப்பு எந்த மூலையில் இருந்தது, பிரசவம் எங்கே நடந்தது, ஊரடங்கு இரவில் கதவை எப்படி அடைத்தார்கள் என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் போய்க் கேட்பதற்குத் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களே பொருத்தமானவை. அடுத்த பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.